கழுத்துத் திருகிய கோழியைக் கவனிப்பது எப்படி?

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் மற்றக் கோழிகள் இரை தேடிச் சிதறி ஓட, ஒரு பெட்டை மட்டும் கழுத்தை முதுகுப்பக்கம் முறுக்கிக்கொண்டு தள்ளாடி விழுவதைப் புறக்கடையில் கோழி வளர்ப்போர் பலரும் ஒருமுறையேனும் கண்டிருப்பார்கள். கண்ட கணமே ‘வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது’ என்று முடிவுகட்டி, அந்தக் கோழியை அறுத்துவிடுவதும், மிச்சமுள்ளவற்றை அன்றைக்கே வியாபாரியிடம் தள்ளிவிடுவதும் கிராமங்களில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். அந்த முடிவு சில வேளைகளில் சரியாகவும் இருக்கும். ஆனால் கழுத்துத் திருகல் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. மூளையோ, தண்டுவடமோ, நரம்போ, காதுக்குள் சமநிலையைக் காக்கும் உறுப்போ பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டும் அறிகுறி மட்டுமே அது. அந்தப் பாதிப்பு உயிர்க்கொல்லி நச்சுயிரியால் (வைரஸால்) வந்திருக்கலாம். நாம் நாள்தோறும் அள்ளிப் போடும் வெள்ளை அரிசியாலும் வந்திருக்கலாம். முன்னதற்கு மருந்து கிடையாது. பின்னது சில ரூபாய் மாத்திரையில் ஓரிரு நாளிலேயே தெளியத் தொடங்கும். எதுவாக இருந்தாலும், தலையை நேராக வைக்க முடியாத கோழி நோயால் சாவதற்கு முன்பே தாகத்தால் செத்துப்போகக்கூடும் என்பதை வளர்ப்போர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

தொடுவதற்கு முன்

ஓரிரு நாளுக்குள் பல கோழிகள் திடீரென்று செத்திருந்தாலோ, கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து முகம் வீங்கியிருந்தாலோ, அக்கம்பக்கத்தில் வாத்துகளும் காகங்களும் செத்துக் கிடந்தாலோ, வைத்தியத்தில் இறங்காமல் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பறவைக் காய்ச்சலிலும் கழுத்துத் திருகலும் நடுக்கமும் உண்டு. அது மனிதருக்கும் தொற்றக்கூடியது. இந்தியாவில் எச்5என்1 வகை முதன்முதலில் 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் உறுதிசெய்யப்பட்டது. 2014-இல் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதியில் வாத்துகளைப் பெருமளவில் தாக்கியது. இந்த ஐயம் எழுந்தால் செத்த பறவைகளைக் கையால் தொடாமலும், வாய்க்காலில் வீசாமலும், மிச்சமிருப்பவற்றை விற்காமலும், அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு உடனே தகவல் தர வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற கால்நடை உதவி எண்ணிலும் அழைக்கலாம்.

அப்படி இல்லாமல் ஒன்றிரண்டு கோழிகளுக்கு மட்டும் அறிகுறி தெரிந்தால், அவற்றைத் தனியே எடுத்து, மற்றக் கோழிகள் நெருங்க முடியாத, காற்றோட்டமும் நிழலும் உள்ள இடத்தில் வையுங்கள். நலமாக இருப்பவற்றுக்குத் தீனி வைத்த பிறகே நோயுற்றதன் பக்கம் போக வேண்டும். திரும்பும்போது கையையும் காலையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நச்சுயிரி மனிதக் கண்ணில் பட்டால் சில நாள் கண் சிவந்து எரியும் என்பதால், கோழியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது.

எதைப் பார்க்க வேண்டும்

மருந்தைத் தேடுவதற்கு முன் பத்து நிமிடம் கோழியைப் பார்த்திருப்பது நல்லது. முதலில், கழுத்து விறைப்பாக இருக்கிறதா, தொய்வாக இருக்கிறதா என்று பாருங்கள். கோழியை மடியில் வைத்து, முறுக்கிய கழுத்தை மெல்ல நேராக்கிவிட்டால் விறைத்த கழுத்து வில் போல மீண்டும் திருகிக்கொள்ளும். தொய்ந்த கழுத்தோ நனைந்த துணி போலத் தொங்கிப்போகும். இந்த ஒரு வேறுபாடே காரணங்களைப் பாதியாகக் குறைத்துவிடும். அடுத்து வயது. பத்து நாள் குஞ்சுக்கும், நான்கு மாதத்துப் பெட்டைக்கும், இரண்டு வயதுத் தாய்க்கோழிக்கும் ஒரே அறிகுறி வெவ்வேறு பொருள் தரும். பாதிப்பு ஒரு பக்கம் மட்டுமா, இரு பக்கமுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு உடம்பைத் தடவிப் பாருங்கள். தீனிப்பை நிரம்பிக் கல்லாகக் கிடக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா, நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்துகிறதா, தலையில் கொத்துக்காயமோ அடிபட்ட வீக்கமோ உண்டா, காதுத்துளையில் சீழோ நாற்றமோ உண்டா, எச்சம் பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரு கண்களையும் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். கால் விரலை மெல்லக் கிள்ளினால் இழுத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். நரம்பு நோய் போலத் தோன்றி ஏமாற்றுபவையும் உண்டு: முட்டை உள்ளே சிக்கிய பெட்டை நிற்க முடியாமல் அகட்டி உட்காரும், உள்ளங்காலில் கட்டி வந்த கோழி நொண்டும், சித்திரை வெயிலில் சூடு தாங்காத கோழி வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, கடைசியில் வலிப்பும் கண்டு விழும். முதல் இரண்டில் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட்டாலே காரணம் தெரிந்துவிடும். சூடு தாக்கிய கோழியை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், கால்களையும் இறக்கைக்கு அடிப்புறத்தையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக் காற்றுப் பட வைக்க வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கக் கூடாது.

வெள்ளைக்கழிச்சல்

1926-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கண்டறியப்பட்டதால் உலகம் இதை நியூகாசில் நோய் என்கிறது; இமயமலைப் பகுதி ஊரான ராணிக்கேத்தில் பின்னர் பதிவானதால் இந்தியாவில் ராணிக்கேத் நோய் என்ற பெயரும் நிலைத்தது. மந்தமும் தீனி மறுப்பும் முதலில் தெரியும். கொர்கொர் என்ற மூச்சும், பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சலும் தொடரும். இவற்றைத் தாண்டிப் பிழைக்கும் கோழிகளிலேயே கழுத்துத் திருகலும், ஒரு கால் அல்லது இறக்கை செயலிழத்தலும், ஒரே இடத்தில் வட்டமடித்தலும், தலை நடுக்கமும் பெரும்பாலும் வெளிப்படுகின்றன. ஒரே வாரத்தில் பல கோழிகள் கழிந்து, சில செத்து, மிஞ்சியவற்றில் ஒன்றிரண்டு கழுத்தைத் திருகினால், அவற்றுக்குத் தடுப்பூசியும் போடப்படவில்லை என்றால், இந்த நோயையே முதலில் ஐயுற வேண்டும்.

நச்சுயிரியைக் கொல்லும் மருந்து எதுவும் இதற்கு இல்லை. கடைக்காரர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, பின்தொடரும் பாக்டீரியாத் தொற்றைத் தடுக்கலாமே தவிர, நரம்பில் நேர்ந்த சேதத்தைச் சரிசெய்யாது. ஆனால் தண்ணீரும் தீனியும் கையால் கொடுத்துக் காப்பாற்றினால், கழுத்து ஓரளவு கோணலாகவே நின்றுவிட்டாலும் கோழி பல காலம் வாழவும் முட்டையிடவும் முடியும். பிழைத்த கோழி சில வாரங்கள் வரை எச்சத்தின் வழியே நச்சுயிரியை வெளியேற்றக்கூடும் என்பதால், குறைந்தது ஒரு மாதமாவது அதைப் பிரித்தே வைக்க வேண்டும். நோய் கண்ட வீட்டிலிருந்து கோழிகளைச் சந்தைக்கு அனுப்புவதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஒரு வீட்டுக்காரர் நட்டத்தைக் குறைக்கச் செய்யும் அந்த ஒரு விற்பனையால், வியாபாரியின் கூடையோடு நோய் ஊர் ஊராகப் போய்விடுகிறது.

தடுப்பு மட்டுமே உறுதியான வழி. ஏழாம் நாளில் எஃப் வகை அல்லது லசோட்டா சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட்டு, நான்காம் வாரத்தில் லசோட்டாவை மீண்டும் கொடுத்து, எட்டாம் வாரத்தில் ஆர்2பி தடுப்பூசியைத் தோலுக்கடியில் போடுவது நம் நாட்டு வழக்கம். ஆர்2பி சற்று வீரியமான மருந்து. முன்பு எந்தத் தடுப்பும் பெறாத இளங்குஞ்சுகளுக்கு அதைப் போட்டால் அதுவே கால் முடக்கத்தை உண்டாக்கக்கூடும். எனவே வரிசையை மாற்றக் கூடாது. மருந்தைப் பனிக்கட்டியிலேயே வைத்து எடுத்துவர வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மரக்கிளையில் இரவு தங்கும் கோழிகளைப் பிடித்து ஊசி போட முடியாதவர்களுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கக்கூடிய குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. கால்நடைத் துறையும் பிப்ரவரி மாத வாக்கில் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. கோழிகளைத் திறந்துவிடுவதற்கு முன்பே, விடியற்காலையில், முகாமுக்குக் கொண்டுபோவது எளிது.

அரிசியால் வரும் கழுத்துத் திருகல்

1890-களில் டச்சு ஆட்சியில் இருந்த ஜாவாவில், கிறிஸ்டியான் எய்க்மான் என்ற மருத்துவர், தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தள்ளாடி விழுவதைக் கண்டார். அவற்றுக்குத் தீட்டிய வெள்ளைச் சோறு போடப்பட்டு வந்தது. தீட்டாத அரிசிக்கு மாற்றியதும் அவை எழுந்து நடந்தன. தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒரு பொருள் நரம்புக்குத் தேவை என்ற அந்தக் கண்டறிதல், மனிதரின் பெரிபெரி நோய்க்கும் விடை காண வழி திறந்தது. 1929-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. அந்தப் பொருளே இன்று வைட்டமின் பி1 எனப்படும் தயமின். மனித மருத்துவத்துக்கு இவ்வளவு பெரிய உண்மையைத் தந்தவை கோழிகள் என்பதை நினைக்கும்போது, அந்த உண்மையைக் கோழிகளுக்கே நாம் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

திறந்து மேயும் கோழிக்குப் பூச்சியும் புல்லும் கிடைப்பதால் இந்தக் குறை எளிதில் வராது. மாடியிலோ சிறு கூண்டிலோ அடைத்து, பச்சரிசிக் குருணையும் மிஞ்சிய சோறும் மட்டுமே போடப்படும் கோழிகளுக்கே வருகிறது. புழுங்கல் அரிசியில், நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து உள்ளே இறங்கிவிடுவதால், ஆபத்து குறைவு. மீன் கழிவைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டாலும், சில மீன்களில் உள்ள ஒரு நொதி பி1-ஐ அழித்துவிடும். வேகவைத்துப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. இரத்தக் கழிச்சலுக்குத் தரப்படும் ஆம்ப்ரோலியம் மருந்தும் பி1-க்குப் போட்டியாக நின்றே வேலை செய்வதால், அளவுக்கு மிஞ்சினாலும் நாள் நீண்டாலும் இதே குறையை உண்டாக்கும்.

பசி குறைந்து மெலிந்த கோழி, முதலில் கால் வலுவிழந்து, பிறகு கணுக்காலில் உட்கார்ந்தபடி தலையை முதுகின் மேல் சாய்த்து வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பது இதன் தனி அடையாளம். எச்சமும் மூச்சும் இயல்பாக இருந்து, மற்றக் கோழிகளுக்குக் காய்ச்சலோ கழிச்சலோ இல்லாமல் இந்தத் தோற்றம் கண்டால், சோதித்துப் பார்ப்பதற்காகவேனும் பி1 கொடுத்துவிடலாம். இது நீரில் கரைந்து, மிகுந்தது சிறுநீரகம் வழியே வெளியேறிவிடுவதால் தீங்கு செய்வது அரிது. ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையுள்ள கோழிக்கு, 100 மில்லிகிராம் தயமின் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்து, நீரில் குழைத்து, நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். பசியே இல்லாத நிலையில் கால்நடை மருத்துவரிடம் ஊசியாகப் போடுவது விரைவில் பயன் தரும். குறைபாடுதான் காரணம் என்றால் ஓரிரு நாளிலேயே மாற்றம் தெரியும்; தெரிந்த பிறகும் ஒரு வாரமாவது தொடர்ந்து, தீனியையும் மாற்ற வேண்டும். தவிடு, கம்பு, சோளம், உளுந்துப் பொட்டு இவற்றைக் கலந்து கொடுப்பது போதும்.

தவிட்டில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆலையிலிருந்து புதிதாக வந்த தவிடு பி1 நிறைந்தது; மூட்டையில் வாரக்கணக்கில் கிடந்து சிக்கு நாற்றம் அடிக்கும் தவிடோ, கெட்டுப்போன அதன் எண்ணெயால் வைட்டமின் ஈ-யை அழித்துவிடும். அதைத் தின்ற இரண்டு முதல் நான்கு வாரக் குஞ்சுகள் மூளை மென்மையாகிப் பின்னோக்கி உருண்டு, கால்களை உதறிக்கொண்டு கிடக்கும். அத்தகைய குஞ்சுக்கு எவியான் போன்ற வைட்டமின் ஈ குளிகையைத் துளைத்து இரண்டொரு துளி வாயில் விடலாம். தொடக்கத்தில் சில தேறும், மூளை சிதைந்தபின் தேறுவது அரிது. வைட்டமின் ஈ-யோடு செலினியம் என்னும் தாது சேர்ந்த மருந்தை மட்டும் கைக்கணக்கில் கொடுக்கக் கூடாது. அதில் தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தொலைவு மிகக் குறைவு.

குஞ்சுகளில் விரல்கள் உள்ளங்கையை மூடியது போல உட்பக்கம் சுருண்டு, கணுக்காலால் நடந்தால் அது வைட்டமின் பி2 குறை. பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தை உடனே தொடங்கினால் நன்றாகத் தேறும்; நாள் கடந்து விரல்கள் மடங்கியே இறுகிவிட்டால் நிமிர்வதில்லை. மோரும் கீரையும் இதற்கு நல்ல துணை உணவு. ஒன்று முதல் மூன்று வாரக் குஞ்சுகளின் தலையும் கழுத்தும் கையில் எடுத்தால் அதிரும் அளவுக்கு மெல்லிய நடுக்கம் கண்டால், அது தாயிடமிருந்து முட்டை வழி வந்த நச்சுயிரி நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தில்லை.

தொய்ந்த கழுத்து

காலில் தொடங்கி, இறக்கைக்கு ஏறி, கழுத்தும் இமையும் தொங்கி, கோழி அலகைத் தரையில் ஊன்றிக் கிடந்தால், விறைப்பும் நடுக்கமும் இல்லாமல் இறகுகள் எளிதில் பிடுங்கி வந்தால், பாட்டுலினம் நஞ்சை நினைக்க வேண்டும். வேலியோரம் செத்துக் கிடக்கும் எலியிலோ கோழியிலோ வளரும் பாக்டீரியா இந்த நஞ்சைச் சுரக்கிறது. அந்தச் சவத்தில் நெளியும் புழுக்களுக்கு நஞ்சு ஒன்றும் செய்வதில்லை, அவற்றை ஆவலோடு கொத்தித் தின்னும் கோழியைத்தான் வீழ்த்துகிறது. எனவே சிகிச்சையின் முதல் வேலை, வளாகத்தைச் சுற்றி வந்து அந்தச் சவத்தைக் கண்டுபிடித்துப் புதைப்பது. அதைச் செய்யாவிட்டால் நாளை அடுத்த கோழி விழும். விழுங்கும் திறன் இன்னும் இருக்கிற கோழிக்கு, ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பை 30 மில்லி நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துக் குடலைக் கழுவலாம். விழுங்க முடியாததன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தீனிப்பைக்குள் குழாய் செலுத்தி மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். இரண்டு நாளைத் தாண்டிய கோழிகள் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, வாயில் எச்சில் ஒழுக, உடம்பு துடிக்க, மூச்சு இரைக்க ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் சில மணி நேரத்துக்குள் விழுந்தால், மருந்து தெளித்த வயலிலோ விதைநேர்த்தி செய்த விதையிலோ மேய்ந்தனவா என்று விசாரியுங்கள். பேன் மருந்தை அளவு மீறிப் பூசியதாலும் இப்படி நேரும். அப்போது இறகைச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். முறிவு மருந்தான அட்ரோபின் மருத்துவர் கையில்தான் இருக்கிறது. பூச்சிமருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு விரைந்து செல்லுங்கள்.

ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே

இரண்டு மாதத்துக்கும் ஏழு மாதத்துக்கும் இடைப்பட்ட இளங்கோழி, நன்றாகத் தின்றுகொண்டே இருக்கையில் ஒரு பக்கம் நொண்டத் தொடங்கி, சில நாளில் ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டி விழுந்தால், அது பெரும்பாலும் மாரெக் நோய். 1907-இல் ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக் நான்கு சேவல்களில் இதை முதன்முதலில் விவரித்தார். கருவிழியின் நிறம் சாம்பலாகி, கண்மணி ஒழுங்கற்ற வடிவம் பெறுவதும் இதன் அடையாளம். இறகுச் செதில் தூசியில் நச்சுயிரி மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருப்பதால், ஒரு கோழிக்கு வந்தால் மற்றவையும் ஏற்கெனவே தூசியை மூச்சில் இழுத்தவையே. தடுப்பூசி பொரித்த முதல் நாளில் போட வேண்டியது. அதுவும் இந்நோயால் உடலுக்குள் கட்டி வராமல் காக்குமே தவிர தொற்றைத் தடுப்பதில்லை. அடைக்கோழி வைத்துப் பொரித்த குஞ்சுகளுக்கு அது கிடைப்பதே இல்லை என்பதால், குஞ்சுகளை முதல் சில வாரங்கள் பெரிய கோழிகளின் கூட்டிலிருந்து விலக்கி வளர்ப்பது நம்மால் முடிந்த காப்பு. நோய் வந்த கோழிக்குச் சிகிச்சை இல்லை. உடல் மெலிந்து புண் வரும் வரை வைத்திருக்காமல், மருத்துவரைக் கொண்டு வலியின்றி முடித்துவிடுவதே அன்பான செயல் என்று நான் கருதுகிறேன்.

தலை ஒரு பக்கமாக மட்டும் சாய்ந்து, காதில் நாற்றம் இருந்தால் காதுத் தொற்று. தலையில் அடிபட்டிருந்தால் இருட்டும் அமைதியும் தேவை. இரண்டுக்கும் மருந்தை மருத்துவர் முடிவு செய்யட்டும். வீட்டிலுள்ள மனித வலி மாத்திரைகளையும், வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டுகளையும் நாமாகக் கொடுக்கக் கூடாது. நச்சுயிரி நோயில் ஸ்டீராய்டு எதிர்ப்பாற்றலைக் குறைத்து நிலைமையைக் கெடுத்துவிடும். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்த கோழியின் முட்டையை மருத்துவர் சொல்லும் நாள் வரை உண்ணக் கூடாது.

பிழைக்க வைக்கும் பராமரிப்பு

பழைய வேட்டித்துணியைச் சும்மாடு போலச் சுருட்டி, அதன் நடுவில் கோழியை உட்கார வைத்தால், பக்கவாட்டில் சரியாமல் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் வலமாகத் திருப்பி வையுங்கள். இல்லையென்றால் நெஞ்செலும்பில் புண் வரும். அடியில் உள்ள துணியை மாற்றி, எச்சம் ஒட்டிய பின்புறத்தை வெதுவெதுப்பான நீரால் துடைத்து உலர்த்துங்கள். ஈரத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

தண்ணீர் கொடுக்கும்போது ஒரு கையால் தலையை இயல்பான நிலைக்கு மெல்லக் கொண்டுவந்து தாங்கிக்கொண்டு, சொட்டுக்குழாயால் அலகின் ஓரத்தில் ஒரு துளி வையுங்கள். அது விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த துளி. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறந்திருப்பதால், வாயைப் பிளந்து ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். அன்போடு ஊற்றிய தண்ணீராலேயே செத்த கோழிகள் உண்டு. விழுங்கத் தொடங்கியபின், தவிட்டோடு அவித்த முட்டை மஞ்சளைக் குழைத்தோ, கம்பங்கூழை ஆறவைத்தோ, சுண்டுவிரல் நுனி அளவு உருண்டைகளாகக் கொடுக்கலாம். இரவில் தீனிப்பை ஓரளவு நிறைந்திருப்பதையும், காலையில் அது காலியாகியிருப்பதையும் தொட்டுப் பாருங்கள். காலையிலும் நிறைந்தே இருந்தால் செரிக்கவில்லை என்று பொருள், மேலும் திணிக்காதீர்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் குறித்து வந்தால், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றமும் பின்னடைவும் அதில் தெரியும்.

கோழி செத்துப்போனால், அன்றைக்கே பனிக்கட்டியில் வைத்து மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ பல்கலைக்கழக மையத்துக்கோ கொண்டுபோய் உடற்கூறு ஆய்வு செய்யச் சொல்லுங்கள். மாரெக் நோயில் ஒரு பக்கத்துக் கால் நரம்பு மட்டும் தடித்து மஞ்சளாகியிருப்பதை அங்கே வெறுங்கண்ணாலேயே காட்டுவார்கள். அந்த ஒரு விடை, மிச்சமுள்ள கோழிகளுக்குத் தடுப்பூசி போடுவதா, தீனியை மாற்றுவதா, புதுக் குஞ்சு வாங்குவதை நிறுத்துவதா என்பதைத் தீர்மானிக்கும். புதைப்பதானால் கிணற்றிலிருந்து விலகி, நாய் தோண்டாத ஆழத்தில், சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

தேறிய கோழியை உடனே கூட்டத்தில் விட்டால் மற்றவை கொத்தித் தள்ளும். சில நாள் வலைத்தடுப்புக்கு அப்பால் பார்க்கும்படி வைத்து, பிறகு மாலையில், அடையும் நேரத்தில் சேர்த்துவிடுங்கள். கழுத்தில் சிறு கோணல் மிஞ்சிய கோழி தரையில் கிடக்கும் தானியத்தைக் குறிதவறியே கொத்தும். அதற்கு மட்டும் ஆழமான மண்சட்டியில் விளிம்பு வரை தீனியை நிரப்பி, சற்று உயரத்தில், ஓர் ஓரமாகத் தனியே வைத்தால் அது தானாகவே வயிறு நிறையத் தின்றுகொள்ளும்.